சலவைத் தொட்டியும் சபை மேடையும்

கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நடந்த வாதத்தை நாம் அறிவோம். அதில் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். கூந்தல் தைலம் விற்ற பெண் ஒருத்தியே எழுந்து பேசிய சபை அமெரிக்காவில் உண்டு. அங்கே எழுந்து நிற்பதற்கு அவள் கடந்து வந்த தூரம் பெரிது.

சாரா பிரீட்லவ் 1867-இல் லூயிஸியானாவின் பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தாள். பெற்றோர் அங்கே அடிமைகளாக உழன்ற கறுப்பினத்தார். அவர்கள் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை அவளே. 7 வயதில் அநாதை, 14-இல் மணமகள், 20-இல் கைம்பெண். சின்னஞ்சிறு மகளுடன் செயின்ட் லூயிஸ் நகரம் சென்று, ஊரார் துணியை வெளுத்து வயிறு வளர்த்தாள்.

அங்கேதான் அவள் தலைமுடி கொட்டத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் இல்லாத குடிசைகளில் வாழ்ந்த பெண்கள் பலருக்கும் அதே துன்பம். ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண்மணி தயாரித்த தைலத்தை அவள் வீடு வீடாக விற்றாள். வழிகாட்டியவர் டர்ன்போ, அதை மறப்பது நியாயமாகாது. 1905-இல் டென்வர் நகருக்குப் போனாள். மறு ஆண்டு சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, ‘மேடம் சி. ஜே. வாக்கர்’ என்ற பெயரில் கந்தகம் கலந்த களிம்பைத் தானே விற்கலானாள். 1910-இல் தொழில் இண்டியானாபொலிஸில் வேரூன்றியது.

இனி அவரை அம்மையார் என்றே சொல்லலாம். ஆனால் 1912-இல் சிகாகோவில் கூடிய தேசிய நீக்ரோ வர்த்தகக் கழகம் அப்படி நினைக்கவில்லை. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்து உயர்ந்த பெரியவர். அவரே அம்மையாருக்குப் பேச இடம் தரவில்லை. கடைசி நாளில் அம்மையார் தாமாகவே எழுந்தார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுக்களைக்கும், பிறகு சொந்தத் தொழிலுக்கும் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டதைச் சொன்னார். சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியதையும் சொன்னார். மறு ஆண்டு மாநாட்டில் அவரைப் பேச அழைத்தார்கள்.

பிறர் வீட்டு அடுக்களையிலும் தொட்டியடியிலும் கிடந்த பெண்களுக்குத் தொழில் கற்பித்து, ஆயிரக்கணக்கானோரைத் தம் முகவர்களாக்கினார். 1919-இல், 51-ஆம் வயதில் அவர் மறைந்தபோது ஹட்ஸன் நதிக்கரையில் அவருக்கு மாளிகை இருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. 1917-இல் பிலடெல்பியாவில் அவருடைய முகவர்கள் இருநூறு பேருக்குமேல் கூடினார்கள். விற்பனைக் கணக்குப் பேசிய அதே சபை, கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கும்படி ஜனாதிபதி வில்ஸனுக்குத் தந்தி அடித்தது.

ஒருத்தி எழுந்து நின்ற ஐந்தே ஆண்டுகளில், அவளைப்போல் குனிந்து கிடந்தவர்கள் நாட்டின் தலைவரிடமே நியாயம் கேட்டார்கள்.