தங்க முலாமின் கீழே மறைந்த கார்கிவ்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நடைபெற்ற ஏலமொன்றில் ஒரு பழைய கமரா 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. 1923 அளவில் லைட்ஸ் நிறுவனம் பரீட்சார்த்தமாகச் செய்த இருபத்துச் சொச்சம் கருவிகளுள் ஒன்று அது. இலக்கம் 105. லைக்கா கமராவை உருவாக்கிய ஒஸ்கார் பார்னாக் தாமே பாவித்தது என்பதால் அவ்வளவு விலை.

பழைய கமராக்களைச் சேகரிப்போரின் உலகம் விசித்திரமானது. ஒரு கருவி நல்ல படம் பிடிக்குமா என்பதை அங்கு எவரும் கேட்பதில்லை. எத்தனை செய்யப்பட்டன, மற்றவற்றிலிருந்து எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பவையே கேள்விகள். 1929 ஆம் ஆண்டளவில் தங்க முலாம் பூசி வெளியிடப்பட்ட 'லக்சஸ்' லைக்கா சுமார் 95 தான். 'ரிப்போர்ட்டர்' என்ற மற்றொரு வகை பத்து மீற்றர் படச்சுருளை ஏற்று, இடையில் மாற்றாமலே 250 படங்கள் பிடிக்கவல்லது. பெயர் காரணமாகவோ என்னவோ, அதன்மீது எனக்குத் தனி மோகமுண்டு. எமது காலத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் 36 படங்களை எண்ணியெண்ணிப் பிடித்தவர்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு முழுச் சுருளைச் செலவழித்து வந்தால் ஆசிரியபீடத்தில் விசாரணையே நடக்கும்.

அரிய பொருளுக்கு விலை ஏறினால் போலி தோன்றும். சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்ததன் பின்னர் கிழக்கு ஐரோப்பியச் சந்தைகளில் 'தங்க லைக்கா'க்கள் தாராளமாகக் கிடைக்கலாயின. சிலவற்றில் கழுகும் சுவஸ்திகாவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஹிட்லரின் விமானப்படைக்குச் சொந்தமானது என்பது அதன் பொருள். வேறு சில 1936 பேர்லின் ஒலிம்பிக்கை நினைவுகூரும். இவற்றை நினைவுப் பொருளாக வாங்கியவர்களும் உளர், உண்மையென நம்பி வாங்கியவர்களும் உளர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை லைக்காவே அல்ல. முலாமைச் சுரண்டினால் கீழே இருப்பது 'ஃபெட்' அல்லது 'சோர்க்கி' என்னும் சோவியத் கமரா.

ஃபெட்டின் கதையை வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சோவியத் இரகசியப் பொலிஸின் முதல் தலைவரான பெலிக்ஸ் எட்முண்டோவிச் சேர்சின்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகளே ஃபெட். அவரது நினைவாக 1927 இல் உக்ரேனின் கார்கிவ் நகரில், பெற்றோரை இழந்து தெருவில் அலைந்த சிறார்களுக்கென ஒரு கம்யூன் தொடங்கப்பட்டது. கல்வியாளர் அந்தோன் மக்காரெங்கோ அதை நடத்தினார். நாளின் ஒரு பகுதி படிப்பு, ஒரு பகுதி தொழிற்சாலை வேலை. முதலில் மின் துளைகருவிகளைச் செய்தார்கள். பின்னர் லைக்காவைப் பகுதி பகுதியாகக் கழற்றி அளந்து, 1932 ஒக்டோபரில் மூன்று கமராக்களை உருவாக்கினார்கள். உக்ரேனியக் கிராமங்களைப் பெரும் பஞ்சம் விழுங்கத் தொடங்கியிருந்த காலம் அது. 1934 இல் தொடர் உற்பத்தி ஆரம்பமாயிற்று. போருக்கு முன் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. உரிமம் பெறாத பிரதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு பிசகினாலும் படம் தெளிவிழக்கும் ஒரு கருவியைத் தெருவோரச் சிறார்களின் கைகள் செய்து முடித்தன. அவற்றின் மேற்றகட்டில் கம்யூனின் பெயரும் நகரின் பெயரும் ரஷ்ய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன.

1941 ஒக்டோபரில் ஜேர்மன் படைகள் கார்கிவைக் கைப்பற்றின. தொழிற்சாலை சைபீரியாவின் பெர்ட்ஸ்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதேவேளை உக்ரேனியப் பெண்கள் கட்டாய வேலையாட்களாக வெட்ஸ்லாருக்குக் கொண்டுசெல்லப்பட்டு லைக்கா ஆலையிலேயே வேலை வாங்கப்பட்டார்கள். ஆலை அதிபரின் மகள் எல்சி கூன்-லைட்ஸ் அப்பெண்களின் துயரைக் குறைக்க முயன்றவர். யூதப் பெண்ணொருத்தி சுவிஸுக்குத் தப்பிச்செல்ல உதவியமைக்காக 1943 இல் அவரை கெஸ்டாப்போ சிறைப்பிடித்தது.

இத்தனையும் நடந்த பின்னர், கார்கிவ் நகரின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே இடத்தில் அந்நகரை அழித்த படையின் கழுகைப் பொறிக்கிறார்கள். போலிகளிற் பல போருக்குப் பிந்திய சாதாரணக் கருவிகள் என்பது உண்மையே. 1948 இல் மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் தொடங்கிய சோர்க்கிகள் கணக்கின்றி உள்ளன, அவற்றால் பெரிய இழப்பில்லை. எனினும் கம்யூன் பெயர் பொறித்த முற்காலக் கருவி ஒன்று முலாம் தொட்டிக்குள் போகும்போது ஒரு சரித்திர ஆவணமே கரைகிறது. காசு கொடுத்துப் பொய்யை வாங்குவது வாங்குபவரின் நட்டம். ஆவணம் அழிவதோ எல்லோருடைய நட்டம்.

இனங்காண்பது கடினமன்று. வில்லையைத் திருகிக் கழற்றி உள்ளே மேற்புறம் நோக்குக. தூரமானியை இயக்கும் சிறு புயத்தின் நுனியில் உருளும் சில்லு இருந்தால் லைக்கா. ஆப்புப் போன்ற தட்டையான உலோக நாக்கு இருந்தால் அது சோவியத் பிறப்பு. மேலே எத்தனை கழுகு பறந்தாலும் முலாம் பூசுவோர் இந்த நாக்கை மாற்றச் சிரமப்படுவதில்லை. கம்யூனின் பெயர் மேற்றகட்டில் அழியாத ஃபெட் இன்றும் அசல் லைக்காவின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. எனது மேசையில் ஒன்று இருக்கிறது. மூடுதிரை சற்றுத் தாமதிக்கிறது, ஆனால் தகட்டில் ஊரின் பெயர் முழுதாக உள்ளது.