தொப்பியின் வரலாறு தரும் படிப்பினை



மக்கா வெற்றியின்போது (ஹிஜ்ரி 8, கி.பி. 630) நபி (ஸல்) அவர்கள் கறுப்புத் தலைப்பாகை அணிந்தவர்களாக நகரினுள் நுழைந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அன்று முதல் தலைப்பாகை நம் சமுதாயத்தில் கண்ணியத்தின் அடையாளமாக விளங்கி வருகின்றது. ஆனால், நம் முன்னோர்கள் 'துருக்கித் தொப்பி' என்று அழைத்த, குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பியின் வரலாறு வேறு. அதனை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

உதுமானியப் பேரரசில் ஒருவருடைய பதவி, தொழில், மதம் யாவற்றையும் அவருடைய தலைப்பாகையே காட்டிக் கொடுத்தது. இறந்த பின்பும் மீஸான் கல்லின் உச்சியில் அதே தலைப்பாகையைச் செதுக்கி வைத்தனர். இஸ்தான்புல்லின் பழைய அடக்கத்தலங்களில் இன்றும் இவற்றைக் காணலாம்.

1826-இல் ஜானிஸரிப் படையைக் கலைத்த ஸுல்தான் இரண்டாம் மஹ்மூத், தம் புதிய படையினருக்கு இத்தொப்பியை அணிவித்தார். மொராக்கோவின் ஃபெஸ் நகரின் பெயரால் அறியப்பட்ட தொப்பி இது. 1829-இல் அரசு அலுவலர்களுக்கும் இதுவே கட்டாயமாயிற்று. உலமாக்களுக்கு மட்டும் தலைப்பாகை விடப்பட்டது. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற வேறுபாடு தலையில் தெரியலாகாது என்பது அரசின் நோக்கம். விளிம்பு இல்லாததால் ஸஜ்தாவில் நெற்றி தரையில் படுவதற்கும் அது தடையாக இருக்கவில்லை. ஆயினும் மக்கள் கொதித்தனர். ஸுல்தானையே 'காஃபிர்' என்று ஏசியவர்களும் உண்டு!

காலம் மாறியது. புதுமை என்று வெறுக்கப்பட்ட தொப்பி முஸ்லிம்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1905-இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பியுடன் வாதாட வந்தபோது, தலைமை நீதிபதி லேயார்ட் அதனை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் திடலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தனர். இறுதியில் அவ்வுரிமை கிடைத்தது.

1908-இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, உதுமானிய மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் புறக்கணித்தனர். அவற்றுள் முதன்மையானது இச்சிவப்புத் தொப்பி. ஆம், முஸ்லிம்களின் அடையாளம் ஆஸ்திரிய ஆலைகளில் தயாராகி வந்தது!

1925 நவம்பரில் துருக்கிக் குடியரசு சட்டமியற்றி ஐரோப்பியத் தொப்பியைப் புகுத்தியது. எர்ஸுரூம், ரிஸே முதலிய ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்து, சட்டம் வருவதற்கு முந்திய ஆண்டிலேயே நூல் வெளியிட்டிருந்த ஆலிம் இஸ்கிலிப்லி ஆதிஃப் அவர்கள் 1926 பிப்ரவரியில் தூக்கு மேடை ஏறினார்கள்.

சகோதரர்களே! சிந்தியுங்கள். 1829-இல் எந்தத் தொப்பி மார்க்கத்திற்கு விரோதம் எனப்பட்டதோ, அதே தொப்பியை விட மறுத்து 96 ஆண்டுகளுக்குப் பின் மக்கள் உயிர் துறந்தனர். தொப்பி மாறவில்லை; அதற்கு மனிதர் கொடுத்த பொருளே மாறியது.

எனவே, ஒருவர் எந்தத் தொப்பி அணிகிறார், எவ்வாறு அணிகிறார் என்பதைக் கொண்டு அவருடைய ஈமானை அளக்காதீர்கள். பள்ளிவாசலுக்கு வரும் இளைஞரைத் தொப்பிக்காகக் கடிந்து விரட்டாதீர்கள். அதே வேளையில், பிறருடைய உடையை அதிகாரத்தால் பறிப்பது அநீதி என்பதையும் மறவாதீர்கள். நாகரிகம் வரும், போகும். தக்வாவே நிலைத்திருக்கும் ஆடையாகும்.

அவ்வாடையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அணிவிப்பானாக! ஆமீன்.