ஒன்பது கட்டம், ஒரே குழம்பு

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில், மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் சீன நகரம் சோங்சிங். அங்குள்ள பழைய பாணி ஹாட்பாட் கடைகளில் மேசையின் நடுவே ஒரு இரும்புச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். செக்கச்செவேலென்ற குழம்பின் மேல் மாட்டுக்கொழுப்பும் காய்ந்த மிளகாயும் மிதக்கும். சட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு வைத்து ஒன்பது கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். மரப் பெஞ்சுகளில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களோ ஒரே வீட்டார், அல்லது ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். ஒரே சட்டியில் கைவைக்கத் தயங்காத இவர்களுக்கு எதற்குத் தடுப்பு?

இந்தச் சட்டியை முதலில் சூழ்ந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தடுப்பு அவர்களுக்காக வைக்கப்பட்டது.

சிச்சுவான் நாவலாசிரியர் லி ஜியேரன் 1940களில் இந்தச் சாப்பாட்டின் பிறப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆற்றின் மறுகரையான ஜியாங்பெய்தான் அதன் ஊர் என்கிறார் அவர். தோளில் காவடி போலச் சுமை கட்டி விற்ற சிறு வியாபாரிகள் நீரெருமையின் உள்ளுறுப்புகளை மலிவாக வாங்கிக் கழுவி, வேகவைத்து, சிறு துண்டுகளாக நறுக்கினார்கள். சுமையின் ஒரு முனையில் மண் அடுப்பு, அதன் மேல் கட்டம் பிரித்த தகரப் பாத்திரம், அதில் காரமும் உப்புமாகக் கொதிக்கும் குழம்பு. ஆற்றங்கரையிலும் பாலத்தடியிலும் கூலிவேலை செய்தவர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு கட்டம். அதில் துண்டைப் போட்டு வேகவைத்து அங்கேயே தின்பார்கள். எத்தனை துண்டோ அத்தனைக்குக் காசு.

எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! முழுச் சட்டிக்குப் பணம் கொடுக்க முடியாதவனுக்குச் சட்டியில் ஒரு கட்டம் கிடைத்தது. முழுத் தட்டு வாங்க முடியாதவன் மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுப்புக் கரியும் மசாலாவும் எல்லோருக்கும் பொது என்பதால் விலை தாழ்ந்தே இருந்தது. யாங்சியின் நீரோட்டத்தை எதிர்த்துக் கயிறு கட்டிப் படகு இழுத்தவர்களும், துறைமுகப் படிகளில் மூட்டை சுமந்தவர்களும் வாழ்ந்த ஊர் அது. குளிர்காலத்தில் பனிமூட்டம் விலகவே விலகாது. அந்த உடம்புகளுக்குச் சூடும் கொழுப்பும் தேவைப்பட்டன.

ருசியும் இந்த மலிவிலிருந்தே வந்தது. குடல், ஈரல், ரத்தம் ஆகியவற்றின் வாடையை அடக்க மிளகாய், நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு, புளிக்கவைத்த அவரை விழுது, இஞ்சி என எல்லாம் கைதாராளமாக விழுந்தன. போட்டியும் ரத்தப் பொரியலும் சமைக்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மிளகாயும் இரு நாடுகளுக்கும் வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து 16ஆம் நூற்றாண்டில் இங்கும் அங்கும் வந்து சேர்ந்தது.

சீனாவில் ஹாட்பாட் இதைவிட மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் லின் ஹோங் என்ற எழுத்தாளர், வூயி மலையில் முயல் இறைச்சியை மெல்லியதாகச் சீவிக் கொதிநீரில் தோய்த்துத் தின்றதைத் தம் சமையல் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1796இல் பெய்ஜிங் அரண்மனையில் முதியோருக்கு அளிக்கப்பட்ட பெருவிருந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹாட்பாட்கள் வைக்கப்பட்டன. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற டோங்லாய்ஷுன் கடை 1903இல் ஒரு சந்தைத் தள்ளுகடையாகத் தொடங்கி, பிறகு செம்புச் சட்டியில் ஆட்டிறைச்சி ஹாட்பாட் தரும் பெரிய உணவகமானது. ஆனால் அரண்மனையின் ஹாட்பாட்டையும் ஆற்றங்கரையின் ஹாட்பாட்டையும் ஒரே வரலாறாகப் பேசுவது சரியல்ல. அங்கே நல்ல இறைச்சியைத் தேர்ந்தெடுத்து, அதன் ருசி கெடாதபடி தெளிந்த நீரில் தோய்த்தார்கள். சோங்சிங்கில் ஒதுக்கப்பட்டதை எடுத்து, அதற்கு ருசியை உண்டாக்கினார்கள். இரண்டாவதுதான் கடினமான கலை.

லி ஜியேரன் சொல்லும் கணக்குப்படி, 1934இல்தான் நகருக்குள் ஒரு சிறு உணவகம் இதைத் தெருவிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்தது. மண் அடுப்பு அப்படியே இருந்தது. அங்கே கட்டம் பிரித்த பாத்திரம் போய், சிறு செம்புச் சட்டி வந்தது. குழம்பையும் தொட்டுக்கொள்வதையும் அவரவர் விருப்பப்படி கலந்துகொள்ளலாம் என்றானது.

1937இல் ஜப்பானியப் படை முன்னேறியபோது சீன அரசு சோங்சிங்குக்கு இடம்பெயர்ந்தது. அதிகாரிகள், பேராசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், அகதிகள் எனக் கிழக்குக் கடற்கரை மக்கள் திரண்டு வந்தார்கள். படகோட்டிகளின் உணவை அவர்களும் உட்கார்ந்து தின்றார்கள். 1938 முதல் 1943 வரை நகரின் மேல் குண்டுகள் விழுந்தன. 1939 மே 3, 4 ஆகிய இரு நாட்களில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். உயிர் காக்கப் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் தோண்டினார்கள். கோடையில் அடுப்பாய்த் தகிக்கும் அந்த ஊரில் பாறைக்குள் குளுமை நிலைத்திருக்கும் என்பதால், அச்சுரங்கங்களில் சில இன்று ஹாட்பாட் கடைகளாகியிருக்கின்றன. மக்கள் நடுங்கிக்கொண்டு காத்திருந்த இடத்தில் பிள்ளைகள் சோடா குடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இதைவிட நல்ல கதி ஒரு பதுங்குகுழிக்கு வாய்க்க முடியாது.

ஒரே சட்டியைச் சூழ்ந்து நின்ற அந்நியர்கள் விலகிய பிறகும் பழைய பாணிக் கடைகளில் கட்டங்கள் தங்கிவிட்டதற்குச் சமையல்காரர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். தீ நேராகப் படும் நடுக்கட்டத்தில் கொதி அதிகம். மாட்டின் மூன்றாம் இரைப்பை, புத்தகத் தாள்கள் போல மடிப்பு மடிப்பானது. அதைக் குச்சியால் பிடித்து இங்கே ஏழெட்டு முறை முக்கி எடுத்தால் போதும், பதினைந்து விநாடியில் வெந்துவிடும். அதற்கு மேல் விட்டால் ரப்பராகிவிடும். வாத்தின் ரத்தம், பன்றி மூளை போன்றவற்றைக் கொதி குறைந்த மூலைக் கட்டங்களில் நெடுநேரம் ஊறவிடலாம். பெரும்பாலான சட்டிகளில் தடுப்பு அடிவரை மூடியிருக்காது. கீழே குழம்பு ஒன்றோடொன்று கலந்தே ஓடும். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு. காரத்தைத் தணிக்கவும் சூட்டை ஆற்றவும் இதைவிட மலிவான வழி இல்லை.

மலிவுக்கு ஒரு கெட்ட முகமும் இருந்தது. மேசையில் மிஞ்சிய கொழுப்பை வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்து அடுத்தவருக்குப் பரிமாறுவதைப் பல கடைகள் வழக்கமாகவே வைத்திருந்தன. பழைய எண்ணெயில்தான் மணம் என்று வாதாடியவர்களும் உண்டு. இப்போது அது சட்டவிரோதம். தடை சரிதான்.

துண்டுக்குத் துண்டு காசு என்ற ஆற்றங்கரை வழக்கம் 1980களில் செங்டு நகரில் வேறு உருவில் தழைத்தது. மூங்கில் குச்சியில் ஓரிரு துண்டு இறைச்சியோ காய்கறியோ கோத்து, பொதுச் சட்டியில் முக்கி விற்றார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேசையில் கிடக்கும் வெறுங்குச்சிகளை எண்ணிப் பில் போடுவார்கள். பத்து பேர் சேர்ந்து வந்து குச்சிகளை மலையாகக் குவித்துவிட்டால், எண்ணாமல் எடை போட்டுக் கணக்கு முடிக்கும் கடைகளும் உண்டு.