கல்லமேட்டு டைனோசரும் திரும்ப அளக்க முடியாத எலும்பும்

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கல்லமேடு என்னும் சிற்றூர், உலகின் மிகப் பெரிய தரைவாழ் விலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படும் புருகத்காயோசாரஸ் கிடைத்த இடமாகும். ஆனால் அதன் எலும்புகள் இன்று இல்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களில் இதற்குப் பெயரிட்டனர். 'பெருத்த உடல்' என்னும் வடசொல்லோடு, இப்பகுதி டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதிய மேட்லியின் பெயரும் சேர்க்கப்பட்டது. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு முதலியன கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணி என்று கருதப்பட்ட இவ்விலங்கு, 1990களில் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி எனத் திருத்தப்பட்டது.

திருத்தலாம், சரிபார்ப்பது எப்படி? முதல் கட்டுரையில் சில கோட்டுப்படங்களும் தெளிவற்ற ஒளிப்படங்களுமே இருந்தன. எலும்புகளோ ஈரத்தில் சிதைந்து, ஆய்வுத் துறையின் அலுவலகத்தை அடையுமுன்பே நொறுங்கிவிட்டன. இச்செய்தி 2017இல்தான் பரவலாகத் தெரிந்தது. அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த ஐயத்தை வீண் என்று தள்ள முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறது. எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்த அந்த மரத்தை இன்றும் எவரும் நாடாவுடன் சென்று அளந்து பார்க்கலாம். கல்லமேட்டு எலும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எடைக் கணக்கில் இது பெரிதாகப் படும். முழுமையாக அறியப்பட்ட உறவு விலங்கின் எலும்போடு ஒப்பிட்டு எடையைக் கணிப்பார்கள். நீளம் 5 விழுக்காடு பிழைத்தால், மும்மடிப் பெருக்கத்தால் எடை ஏறத்தாழ 16 விழுக்காடு பிழைக்கும். கணினியில் கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றாகவே வரும். உள்ளே கொடுத்த 2 மீட்டரைச் சோதிக்க வழியில்லை.

அகழ்வின்போது எடுத்த பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியாயின. அவை எலும்புகளே என்ற கருத்து வலுப்பட்டது. அடுத்த ஆண்டே, நூறு டன்னுக்கும் மிகுந்த எடை, பெருந்திமிங்கலங்களுக்கு ஈடானது என்ற புதிய கணிப்பு வந்தது. அதுவும் அதே அளவுகளைச் சார்ந்ததே.

மூலக் கட்டுரைகளைத் தேடும் மாணவர் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்ற பெயரில் தேட வேண்டும். பெரம்பலூர் 1995இல்தான் தனி மாவட்டமானது. இன்றைய அரியலூர் மாவட்டம் 2007இல் உருவானது.