வாடகை கேட்காத வீடு



சென்ற வாரக் கலந்துரையாடலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரியவர் நினைவில் இருப்பார். மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். நில உரிமையாளரின் வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீஸ். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ஏம்மா, வாடகையே கட்டாம இத்தன வருசம் இருந்திருக்கீங்கன்னு இதுல எழுதியிருக்காங்க. நாங்க கட்ட மாட்டோம்னு சொன்னோமா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து யாராச்சும் வந்து வாடகை கேட்டாங்களா?"

அரங்கில் பலத்த கைதட்டல். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். "ஐயா, ஒரு சிறு இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்" என்றேன். இடைவேளை முடிந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நிகழ்ச்சியை நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று பொதுத் தொடர்புத் துறை டிப்ளோமா வகுப்பில் எங்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. இந்த வாரப் பக்கத்தை அதற்காக எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகிறது.

அவர் வீட்டில் ஐந்து பேர். அவர், மனைவி, கணவனை இழந்த மகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பேரப்பிள்ளைகள். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது 2007ஆம் ஆண்டு வரை நாம் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று அழைத்த பட்டணத்தில், வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு இன்னும் அரை மாதம். சாவியை வாங்குவதற்கு முன்பே மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீடு வாங்கலாம் என்றால் அந்த வயதில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? "கோயில் மண்டபத்துலதான் படுக்கணும்" என்று அவர் மனைவி சொன்னார். அந்தக் கோயிலும் அதே நிலத்தில்தான் இருக்கிறது.

சரி, வாடகையை ஏன் யாரும் கேட்கவில்லை?

கோல சிலாங்கூர் தோட்டங்களின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் தெனாமாரம். மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் எப்படி உச்சரித்தாலும் அது நம் தென்னைமரம்தான். ஃபோக்கோனியே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் பெயர் இலக்கிய வரலாற்றில் இருக்கிறது. தோட்டத்துக்குத் தமிழில் பெயர் வரும் அளவுக்கு அங்கே நிறைந்திருந்தவர்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகத்தோடு போய்விட்டன.

அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தது லயம். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும் என்றால் ஆள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். காடழித்த இடத்தில் வேறு வீடு ஏது? ஆகவே பால்மரத்தைப் போல, புகைக்கூட்டைப் போல, லயமும் தோட்டத்தின் தளவாடங்களில் ஒன்றாக இருந்தது. சட்டமும் அதையே சொன்னது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. குடும்பத்தோடு இருப்பவருக்குக் காய்கறி போட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவும் இடமிருந்தது. கத்தரிக்காய் பயிரிட நிலம் உண்டு, அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது.

பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீடு இலவசம், வைத்தியம் இலவசம் என்பதைக் காட்டித்தான் கூலி தாழ்வாக வைக்கப்பட்டது. அப்படியென்றால் வாடகை தினமும் பிடிக்கப்பட்டிருக்கிறது, சம்பளச் சீட்டில் எழுதாமல். எழுதியிருந்தால் இன்று அவர் கையில் ரசீது இருந்திருக்கும். ரசீது வைத்திருக்கும் வாடகைக்காரருக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. வேலையோடு ஒட்டிய வீட்டில் இருப்பவருக்கு வேலை இருக்கும் வரைதான் அனுமதி.

எங்கள் பாட்டியும் இந்த வட்டாரத்தில் பால் வெட்டியவர்தான். லயத்து வீட்டின் பின்னால் சொந்தக் காசில் தகரம் போட்டு அடுப்படி இழுத்தார். ஒரு பலாக்கன்று வைத்தார். அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தபோது கிராணி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "வீட்டுக்கு யார் பேரு பதியிறது?" வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு நிற்கும். என் மாமா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றார். அவருக்குக் கணக்கு நன்றாக வரும் என்று அம்மா இப்போதும் சொல்வார். இப்படி எத்தனை தோட்டங்களில் எத்தனை பிள்ளைகள்! இதையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

நிலம் கைக்கு வரக்கூடிய சந்தர்ப்பங்கள் வரவே இல்லையா என்றால், வந்தன. நம்மைத் தாண்டிப் போயின. அவசரகாலத்தில், 1950ஆம் ஆண்டில் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், காட்டோரத்தில் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பெரும்பாலும் சீனர்கள். முள்வேலி போட்டு, ஊரடங்கு வைத்து, வலுக்கட்டாயமாகத்தான். ஆனாலும் அங்கே குடும்பத்துக்கு ஒரு மனை அளந்து கொடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களையும் அதே காலத்தில் ஒன்றுதிரட்டி வேலி போட்டார்கள். ஆனால் எங்கே? தோட்டத்துக்கு உள்ளேயே, முதலாளியின் நிலத்திலேயே. அவசரகாலம் 1960ஆம் ஆண்டில் முடிந்தபோது புதுக்கிராமத்தில் ஓர் ஊர் மிஞ்சியது. நமக்கு லயம் மிஞ்சியது. 1956ஆம் ஆண்டில் பெல்டா வந்து, நிலமற்ற கிராமத்து மக்களைக் குடியேற்றி நிலம் கொடுத்தது. மிகப் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். மற்றவர்களுக்குக் கிடைத்ததே என்று பொறாமைப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஏழைக்கு நிலம் கொடுக்க ஓர் அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு இவை சாட்சி. தோட்டத்துத் தமிழனை "வீடு உள்ளவன்" என்று கணக்கில் எழுதிவிட்டதுதான் சங்கடம்.

அந்த வீடு எவ்வளவு உறுதியானது என்பது 1950களிலேயே தெரிந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டுதுண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. பேராசிரியர் உங்கு அசிஸ் இதைப் பற்றி ஓர் ஆய்வே எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டி, விற்பனைக்கு வரும் தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்குவது திட்டம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பெரிய முயற்சி, மறுக்க முடியாது. ஆனாலும் உறுப்பினருக்குக் கிடைத்தது சங்கத்தில் பங்கு. அவர் படுத்துறங்கும் வீட்டுக்குப் பட்டா அதில் வராது.

அடுத்து 1969ஆம் ஆண்டு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஏராளமானோர் வேலையிழந்தார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற விதி இல்லாதிருந்தால் அவர்களில் பாதிப்பேராவது இங்கேயே இருந்து வேறு வேலை தேடியிருக்க மாட்டார்களா?

பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். தோட்டங்களை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்பது அதைவிட லாபம் என்று ஆனது. ஆட்குறைப்புக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம்: நாள் கூலி 15 வெள்ளி, முப்பது வருட வேலை என்றால் 600 நாள் சம்பளம், 9,000 வெள்ளி. முப்பது வருடம் குடியிருந்த வீட்டுக்கு அதில் ஒரு காசு இல்லை. 1990ஆம் ஆண்டில் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 446ஆம் சட்டம், வந்தது. அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. வேலை முடிந்த மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று சொல்லவில்லை.

வட சிலாங்கூருக்கு வருவோம். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் பெயரைக் கேட்காத தமிழ்ப் பத்திரிகை வாசகர் இருக்க முடியாது. நிலம் மேம்பாட்டுக்குப் போனபின் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுக் கால் நூற்றாண்டு அலைந்தன. மனுக்கள், மறியல்கள், மந்திரிகள். 2007ஆம் ஆண்டு ஈஜோக் இடைத்தேர்தல், 2010ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் என்று வாக்கு கேட்டு வந்தவர்களுக்கு லயத்துப் பாதை நன்றாகவே தெரிந்தது. இதற்கிடையே 2005ஆம் ஆண்டில் புக்கிட் தாகாரில் குப்பை நிரப்பு நிலம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரின் குப்பைக்கு அந்த மண்ணில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே உழைத்தவர்களில் 245 குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டம் 2023ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்?

சிலாங்கூரின் தென்பகுதியிலும் இதே கதைதான். புத்ராஜெயா எழுந்த பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். தரைவீட்டுக்காக அவர்களும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள்.

இனி அந்த நோட்டீஸ். நிகழ்ச்சிக்கு வந்திருந்த வழக்கறிஞர் எனக்கு விளக்கிச் சொன்னார். நில உரிமையாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது நீதிமன்ற விதிகளில் 89ஆம் கட்டளை. அனுமதியின்றி நிலத்தில் இருப்பவரை முழு விசாரணை இல்லாமல் விரைவாக வெளியேற்ற உதவும் வழி அது. புறம்போக்குக் குடியேறிக்கும் நூறு வருடத் தோட்டக் குடும்பத்துக்கும் அந்தத் தாளில் வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசத்தை நாம்தான் காட்ட வேண்டும். நாங்கள் அத்துமீறி வந்தவர்கள் அல்லர், உரிமையாளர் வைத்து வந்தோம், வேலை முடிந்த பின்னும் இருக்க விட்டார்கள், இன்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்று ஆதாரத்தோடு காட்டினால், இதை விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாலாயிரமோ ஐயாயிரமோ வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். வழக்கு என்று வந்தால் ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை. பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கிடைக்கும் என்றார்.

படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, பரவால்லம்மா, உன் வேலை அது" என்றார். பையில் கடிதத்தோடு வேறு தாள்களும் இருந்தன. பழுப்பேறிய சம்பளச் சீட்டுகள், அப்பாவின் சேமநிதிக் கடிதம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாங்கிய சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய பிறப்புப் பத்திரம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் தட்டச்சில் இருந்தது.

வழக்கறிஞர் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டிருக்கிறாராம். எங்கள் அலுவலகத்தில் போட்டோஸ்டாட் எடுக்க முடியுமா என்று கேட்டார். மூன்று செட் எடுத்துக் கொடுத்தோம். அசலை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அதை வழக்கறிஞர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.