ஓரக் குறிப்பில் நடந்த வகுப்பு

2007 அக்டோபரில், இணைய முகவரிகளின் தலைமைப் பட்டியலான வேர்மண்டலத்தில் முதல்முறையாகத் தமிழ் எழுத்து ஏறியது. வேற்று எழுத்துகளில் முகவரி எழுதினால் உலகக் கணினிகள் அதைச் சரியாகக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்க்க, இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐகான் நிறுவனம் 11 சோதனைப் பெயர்களைச் சேர்த்தது. அரபு, பாரசீகம், ருஷ்யன், இந்தி, கிரேக்கம், கொரியன், இத்திஷ், ஜப்பானியம், சீனத்தின் இரண்டு வரிவடிவங்கள், கூடவே தமிழ். நமக்கு வாய்த்த முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. மறுபடி வாசியுங்கள். பரீட்சை அல்ல, பரிட்சை. ‘ரீ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ரி’. 2013இல் அந்தச் சோதனைப் பெயர்களை நீக்கும்வரை குறிலோடுதான் அது உலக இணையத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இணைய ஆளுகை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பெயர் யார் வைப்பது, எழுத்தை யார் சரிபார்ப்பது, பிழை இருந்தால் எந்த வாசலில் போய்ச் சொல்வது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அந்த வாசல்களைக் காட்டித் தரும் படிப்பின் வரலாற்றை இந்த மலருக்கு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். படிப்புகள் இன்று பல இருக்கின்றன. நான் படித்ததும் நன்றாக அறிந்ததும் டிப்ளோ அறக்கட்டளையின் படிப்பு என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

டிப்ளோ பிறந்த இடம் மால்ட்டா. மத்தியதரைக் கடலில் 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. சென்னை மாநகராட்சி அதைவிடப் பெரிது. சிறிய நாடு என்றாலும் ராஜதந்திர உலகில் அதன் குரல் ஏற்கெனவே ஒருமுறை ஓங்கி ஒலித்திருக்கிறது. 1967 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், ஆழ்கடலின் தரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, மனித குலத்தின் பொதுச் சொத்து என்று வாதாடியவர் மால்ட்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ. பின்னாளில் வந்த கடல் சட்ட ஒப்பந்தத்துக்கு அந்தப் பேச்சு ஒரு விதை. எல்லாருக்கும் பொதுவான ஒன்றை எப்படி ஆள்வது என்ற கேள்வி அந்தத் தீவுக்குப் புதிதல்ல.

1990இல் மால்ட்டாவும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மத்தியதரைக்கடல் ராஜதந்திரக் கல்விக்கழகம் மால்ட்டாவில் தொடங்கப்பட்டது. இளம் தூதரக அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லும் அந்த இடத்துக்கு, யுகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த நாட்களில் வந்து சேர்ந்தவர் ஜோவன் குர்பாலியா. அந்நாட்டின் வெளியுறவுப் பணியில் இருந்தவர், சட்டம் படித்தவர். தூதரக வேலைக்குக் கணினி எதற்கு என்று பலரும் கேட்ட காலத்தில், 1990களின் தொடக்கத்தில், கல்விக்கழகத்துக்குள்ளேயே தகவல் தொழில்நுட்பத்துக்கும் ராஜதந்திரத்துக்குமான ஒரு சிறு பிரிவு உருவாயிற்று. அதே பிரிவு வளர்ந்து, 2002 நவம்பரில் மால்ட்டா, சுவிஸ் அரசுகளின் ஆதரவில் லாப நோக்கற்ற தனி அறக்கட்டளை ஆனது. மால்ட்டா, ஜெனீவா, பெல்கிரேடு என மூன்று ஊர்களில் அதற்கு அலுவலகம் உண்டு.

சிறிய நாடுகளின் சங்கடம் டிப்ளோவுக்குப் பிறவியிலேயே தெரியும் என்பது என் எண்ணம். பெரிய நாடு ஜெனீவாவுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிபுணரை அனுப்பும். சின்னத் தீவு நாட்டுக்கு ஒரே ஓர் அதிகாரிதான். காலையில் மீன்பிடிப்பு மானியம், மதியம் அகதிகள், மாலையில் டொமைன் பெயர். அவரை ஓராண்டு விடுப்பு எடுத்துப் படித்து வா என்று எந்த அமைச்சகம் அனுப்பும்? இருந்த நாற்காலியிலேயே படிக்க வழி வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே இணையவழி வகுப்பில் இவர்கள் இறங்கியதற்கு இந்த நெருக்கடிதான் காரணம். புதுமை மோகம் அதற்கு அடுத்தது.

மோகமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2007இல் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகம் பரபரப்பாக இருந்தபோது அதில் ‘ராஜதந்திரத் தீவு’ ஒன்றை டிப்ளோ வாங்கிப்போட்டது. மே மாதம் மாலத்தீவு அரசு அங்கே மெய்நிகர்த் தூதரகம் திறந்தது. கடல்மட்டம் உயர்ந்தால் மூழ்கிவிடும் என்று அஞ்சும் நாடு, கணினிக்குள் இருக்கும் தீவில் கொடியேற்றியதைப் படித்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. அந்தத் தீவு பின்னர் பேச்சிலிருந்தே மறைந்துபோனது. வகுப்பறை மட்டும் நிலைத்தது.

இணையம் பாடமாக வந்தது உலக உச்சிமாநாட்டின் வழியாக. தகவல் சமுதாயத்துக்கான மாநாடு 2003 டிசம்பரில் ஜெனீவாவிலும் 2005 நவம்பரில் துனிஸிலும் நடந்தது. ஜெனீவாவில் முடிச்சு அவிழவில்லை: இணையத்தை யார் ஆள்வது? அன்று வேர்மண்டலக் கோப்பில் ஒரு வரி மாற்றவேண்டுமென்றாலும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த நிலை 2016 செப்டம்பர் 30 வரை நீடித்தது. பலருக்கு இது உறுத்தியது. இருப்பதைத் தொட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். வழக்கம்போல ஒரு குழு போட்டார்கள். 40 பேர் கொண்ட அந்தப் பணிக்குழுவுக்குத் தலைவர் நம் நாட்டின் நிதின் தேசாய். குர்பாலியா ஓர் உறுப்பினர். அரசுகள், தனியார் துறை, குடிமைச் சமூகம் மூன்றும் தத்தம் பங்கில் நின்று வகுக்கும் நெறிகள், விதிகள், முடிவெடுக்கும் முறைகள் ஆகியவையே இணைய ஆளுகை என 2005இல் அந்தக் குழு விளக்கம் தந்தது. இன்றும் எல்லாரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

மாநாட்டு அறைகளில் பாதிப் பேருக்கு ‘ஆளுகை’ என்றால் ‘அரசாங்கம்’ என்றே காதில் விழுந்தது. குர்பாலியா இதைத் தம் புத்தகத்தில் சொல்லிக் காட்டுகிறார்: பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் இணையத்தை அரசு கையில் எடுக்கப் போகிறது என்று ஒரு தரப்பு பதற, இன்னொரு தரப்பு மகிழ்ந்தது. தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு. நிர்வாகம் என்றால் குறுகுகிறது, ஆட்சி என்றால் மிரட்டுகிறது. ‘ஆளுகை’ பரவாயில்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் ஓர் ‘ஆள்’ ஒளிந்திருக்கிறான் என்பது வேறு விஷயம்.

அந்தப் பரபரப்பின் நடுவே 2005இல் டிப்ளோ இணைய ஆளுகைத் திறன் வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பாடநூலாகக் குர்பாலியாவும் எட்வர்டோ கெல்ப்ஸ்டைனும் சேர்ந்து எழுதிய சிறு நூல். பின்னர் குர்பாலியா பெயரில் ‘இணைய ஆளுகைக்கு ஓர் அறிமுகம்’ என்று விரிந்து, 2016இல் ஏழாம் பதிப்பு கண்டது. பொருள் முழுவதையும் முதலில் ஐந்து கூடைகளாகப் பிரித்திருந்தார்கள்: உள்கட்டமைப்பு, சட்டம், பொருளாதாரம், வளர்ச்சி, சமூகப் பண்பாடு. ஏழாம் பதிப்பில் பாதுகாப்பும் மனித உரிமையும் தனிக் கூடைகளாகி ஏழானது. இடைப்பட்ட பத்தாண்டில் உலகம் எதற்குப் பயப்படத் தொடங்கியது என்பதை அந்த இரண்டு புதுக் கூடைகளே சொல்லிவிடும். இணைய ஆளுகையை இன்னும் சாரம் பிரிக்காத, எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடமாக வரைந்த ஒரு படம் அந்தப் புத்தகத்தில் வரும். வகுப்பில் பலருக்குப் பாடத்தைவிட அந்தப் படம்தான் மனதில் நின்றது.

இனி வகுப்பு. இந்த நிறுவனத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்வேன். பாடம் பத்து வாரம்: பழகிக்கொள்ள ஒன்று, படிக்க எட்டு, இறுதித் தேர்வுக்கு ஒன்று. வாரத்துக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஒதுக்கச் சொல்வார்கள். நான் படித்தபோது காணொளி கிடையாது, பேராசிரியரின் முகம் கிடையாது. திங்கட்கிழமை ஒரு பாடம் திரையில் வரும். அதில் எந்தச் சொல்லையும் வரியையும் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்தில் நம் கருத்தை எழுதலாம். அடுத்தவர் அதற்குக் கீழே எழுதுவார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு விளக்கம், நடுவில் ஆசிரியர் ஒரு கேள்வி. வியாழக்கிழமைக்குள் ஒரு பக்கப் பாடத்தைச் சுற்றிப் பத்துப் பக்க எழுத்து மண்டியிருக்கும்.

தமிழ் படித்தவனுக்கு இது எங்கே பார்த்தது போலிருக்கிறது? மூலம் நாலு வரி, உரை நாற்பது வரி. பரிமேலழகர் ஒன்று சொல்வார், மணக்குடவர் வேறொன்று சொல்லியிருப்பார், ‘என்பாரும் உளர்’ என்று பெயர் சொல்லாமல் ஒருவரை ஒருவர் குத்துவார்கள். மூலத்தைவிட உரைகளுக்கிடையே நடக்கும் சண்டையில்தான் படிப்பே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். டிப்ளோ அதை உயிரோடு இருக்கும் இருபது பேரை வைத்துச் செய்தது, அவ்வளவுதான். 2001இலேயே ‘மொழியும் ராஜதந்திரமும்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டவர்கள் இவர்கள். ஒப்பந்தத்தில் ஒரு சொல் எப்படி உட்காருகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர்களுக்கு இந்த முறை தோன்றியதில் வியப்பில்லை.

நான் சேர்ந்தது 2008இல். எங்கள் வகுப்பில் ஆப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒன்றின் அதிகாரி இருந்தார், கரீபியத் தீவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, பால்கன் பகுதியிலிருந்து ஒரு வழக்கறிஞர். வேர்மண்டலத்தின் மீது அமெரிக்காவுக்கு இருந்த பிடியைப் பற்றிய பாடத்தில், ‘மேற்பார்வை’ என்ற ஒரே சொல்லின் ஓரத்தில் மூன்று நாள் சண்டை. அதிகாரிக்கு அது அநீதி. வழக்கறிஞருக்கு, தம் அரசின் கையில் போவதைவிட அது மேல். சரி எது தப்பு எது என்பதைவிட, ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. வாரம் ஒரு மணி நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பேசும் அமர்வும் இருந்தது. அன்று எங்கள் ஊரில் மின்வெட்டுக் காலம். ஒருமுறை என் வாதத்தின் உச்சத்தில் விளக்கு அணைந்தது. திரும்பி வந்தபோது என் பாதி வாக்கியத்துக்கு நாலு பேர் மறுப்பு எழுதி, இருவர் அதை என் சார்பில் முடித்தும் வைத்திருந்தார்கள்.

ஆசிரியர்களில் பலர் முந்தைய ஆண்டுகளின் மாணவர்கள். நன்றாகப் படித்தவரை அடுத்த வகுப்புக்குத் துணையாசிரியராக அமர்த்துவது அங்கே வழக்கம். சட்டாம்பிள்ளை முறை! ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூர் அனாதை இல்லத்தில் மூத்த பிள்ளைகளை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்து, 1797இல் லண்டனில் புத்தகம் போட்டு, ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரப்பியது இதைத்தான். டிப்ளோவில் பாடம் சொன்ன இந்தியர்களில் பெரிய பெயர் கிஷன் ராணா. ஜெர்மனியில் நம் தூதராக இருந்து ஓய்வுபெற்றவர். இருதரப்பு ராஜதந்திரம் பற்றிய அவருடைய நூலை 2002இல் டிப்ளோவே வெளியிட்டது.

அதே 2008 டிசம்பரில் ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் ஹைதராபாத்தில் கூடியது. 2006இல் ஏதென்ஸில் தொடங்கிய மன்றத்தின் மூன்றாவது கூட்டம். மும்பைத் தாக்குதல் ஓய்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வருவதாக இருந்த பலர் வரவில்லை. வர முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே ஓர் அறையில் கூடி, திரையில் பார்த்து, கேள்வி அனுப்பும் தொலைப் பங்கேற்பு அந்தக் கூட்டத்தில் வேர்விட்டது. அதற்காக முன்கூட்டியே உழைத்தவர்களில் டிப்ளோவின் பழைய மாணவர்கள் இருந்தார்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் கற்றுக்கொண்டதை அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

அதற்குப் பின்னான வரலாறு நிறுவனங்களின் வளர்ச்சிக் கதைதான், சுருக்கமாகப் போதும். 2014இல் சுவிஸ் அரசின் முயற்சியில் ஜெனீவா இணைய மேடை அமைந்தது; நடத்துவது டிப்ளோ. 2018இல் மெலிண்டா கேட்ஸ், ஜாக் மா தலைமையில் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த டிஜிட்டல் ஒத்துழைப்புக் குழுவின் செயலகத்தை வழிநடத்தியவர்களில் குர்பாலியா ஒருவர். இப்போது செயற்கை நுண்ணறிவும் பாடமாகிவிட்டது.

குறையும் சொல்லவேண்டும். அரசுகளின் நிதியில் நிற்கும் எந்த நிறுவனமும் அந்த அரசுகளைக் கடுமையாகப் பேச யோசிக்கும். சான்றிதழ் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டு, உதவித்தொகையில் மாநாடு மாநாடாகச் சுற்றும் ஒரு கூட்டமும் இந்தப் படிப்புகளால் உருவாகியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, ஓரக் குறிப்பு எழுதி வாதாடும் அளவுக்கு ஆங்கிலம் கைவராத ஒருவருக்கு அந்த வகுப்பின் கதவு பாதிதான் திறக்கும். எங்கள் வகுப்பில் மௌனமாக இருந்த இரண்டு மூன்று பேருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

நம் பக்கம் வாசல் முழுதாக மூடியிருக்கவில்லை. ‘.இலங்கை’ 2010இலும் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ இரண்டும் 2011இலும் வேர்மண்டலத்தில் ஏறின. இவற்றில் எழுத்துப் பிழை இல்லை. 2016 நவம்பரில் ஐகானின் 57ஆவது கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தபோது அதையொட்டி இந்திய இணைய ஆளுகைப் பள்ளி தொடங்கியது. இலங்கையில் 2022இலும் இந்தியாவில் 2023இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இனி மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞருக்கும், கூட்டுறவு வங்கி மேலாளருக்கும், மருத்துவமனைக் கணக்கருக்கும் இது அன்றாட வேலை. ஜெனீவா போகிறவர்களின் பாடமாக மட்டும் இனி இது இருக்க முடியாது.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் டிப்ளோவிலோ வேறெங்கோ இந்தப் படிப்பை முடித்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த இறுதிக் கட்டுரை உங்கள் கணினியில் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அதற்குத் தனிப் பகுதி ஒதுக்கக் குழுவினர் சம்மதித்திருக்கிறார்கள். ஓரத்தில் மற்றவர்கள் குறிப்பு எழுத இடம் விட்டு அச்சிடுவதாகவும் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, தட்டச்சு செய்துகொள்கிறோம்.