கனகராயன் ஆறும் அதன் தாழ்நிலமும்: வன்னியின் நீர் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதியோர் குளங்களைப் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். ஆறுகளைப் பற்றி எழுதியது குறைவு. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கையேடு தொடக்கம் நீர்ப்பாசன இலாகாவின் அறிக்கைகள் வரை, குளக்கட்டின் நிலை, துருசு, நீர் பாயும் ஏக்கர் என்பனவே பெரிதும் கவனம் பெற்றன. வான் பாய்ந்த நீர் எங்கே சென்றது, எந்த நிலத்தில் எத்தனை நாள் நின்றது என்னும் வினா அரிதாகவே எழுந்தது. கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொண்டு அவ்வினாவை இங்கு எழுப்ப விழைகின்றோம்.

இவ்வாறு வவுனியாவின் வடபுறத்தே தோன்றி, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் தேங்கி, அதன்பின் கண்டாவளைப் பகுதியூடாகச் சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. மாரியில் நிறைந்தோடும், கோடையில் மணற்படுகையும் இடையிடையே மடுக்களுமாகக் கிடக்கும். 'இரணை' என்பது ஈழத்துப் பேச்சுவழக்கில் இரட்டையைக் குறிக்கும். 'மடு' ஆற்றிடை ஆழமான நீர்நிலை. ஆகவே பெருங்கட்டு எழுவதற்கு முன்னரே அங்கு இரு மடுக்கள் இருந்தமையைப் பெயரே காட்டிநிற்கின்றது எனலாம். குளத்தின் கீழே முரசுமோட்டை என்னும் ஊர் உண்டு. மோட்டை என்பது நீர் தேங்கும் பள்ளம். நமது இடப்பெயராய்வு அரசரையும் தெய்வத்தையும் தேடிச் சென்ற அளவுக்குப் பள்ளத்தையும் மேட்டையும் தேடிச் செல்லவில்லை. இது நெடுநாட் குறை.

இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் நிறைவெய்தியது. 1948–51, 1954–56, 1975–77 ஆகிய காலங்களில் கட்டு மும்முறை உயர்த்தப்பட்டது. போருக்குப் பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கி முதலியவற்றின் நிதியுதவியுடன் நடைபெற்ற புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக்கப்பட்டது. இதற்கிடையே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டமும் குடாநாட்டின் நிலப்பசியும் வேலையின்மையும் சேர்ந்து கிளிநொச்சிக் குடியேற்றங்களை உருவாக்கின. கட்டு உயர உயர வயற்பரப்பும் பெருகியது. பெருங்குளம் வெள்ளத்தையும் தடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஆற்றோரத் தாழ்நிலம் முதலில் வயலாயிற்று. பின்னர் வளவும் வீடுமாயிற்று.

இந்நம்பிக்கையின் அடிப்படையிலேயே ஒரு முரண்பாடு உள்ளது. பாசனக் குளம் மாரி முடிவில் நிரம்பியிருத்தல் வேண்டும். அன்றேல் சிறுபோகம் இல்லை. வெள்ளத்தைத் தாங்கும் குளமோ பெருமழைக்கு முன் வெறுமையாயிருத்தல் வேண்டும். மார்கழி மாதத்தில் ஒரே குளம் இவ்விரண்டுமாக இருக்க முடியாது. கமக்காரனுக்கு நிரம்பிய குளம் அடுத்த போகத்தின் உறுதி. கீழே வசிப்பவனுக்கு அதுவே அச்சம். பெரும்பாலும் இருவரும் ஒருவரே என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

2018 டிசெம்பர் 7ஆம் திகதி புனரமைக்கப்பட்ட குளம் சனாதிபதியால் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு வாரங்களின் பின், டிசெம்பர் 21 இரவு, பெருமழை பெய்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன, கண்டாவளைப் பகுதி உட்பட ஆற்றின் கீழ்ப்புற ஊர்கள் நீரில் மூழ்கின. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். (1964ஆம் ஆண்டுப் புயல் வன்னியைக் கடந்ததும் டிசெம்பர் 22 அளவிலேயே.) கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்தது, விசாரணையும் நடந்தது. அவ்விசாரணை வேண்டியதே. ஆயினும் திறந்துவிட்ட நீர் பரவுவதற்கு இடம் இருந்ததா என்பது பேசப்பட்டது குறைவு. நேரத்தைப் பற்றி வாதிட்டோம், நிலத்தை மறந்தோம்.

அந்நிலம் முன்பு என்ன செய்தது? கரையோர மருத மரங்களும் பற்றைகளும் நீரின் வேகத்தைத் தணித்தன. தரவைகள் சில நாட்கள் நீரைத் தாங்கி, வண்டலை வைத்துக்கொண்டு, மெல்லக் கடனீரேரிக்கு விட்டன. வற்றிய பின் மாடுகள் மேய்ந்தன. இன்று மேய்ச்சல் தரையின்மை வன்னிப் பண்ணையாளரின் தீராத முறைப்பாடு. வெள்ளமும் மேய்ச்சலும் ஒரே நிலத்தைப் பற்றிய இரு முறைப்பாடுகள் என்பதை நாம் இன்னும் உணரவில்லை. போருக்குப் பின்னர் வீடமைப்பு பெருகியபோது, இந்திய உதவியிலான 50,000 வீட்டுத் திட்டம் உள்ளிட்ட வேலைகளுக்கு மணல் தேவைப்பட்டது. கனகராயன் ஆற்றிலும் மணல் அகழப்பட்டது. படுகை ஆழமானால் வெள்ளம் விரைந்து வடியும் என்பாரும் உளர். ஆனால் கரை அரிப்புண்டு சரிவதையும் கோடையில் கிணற்று நீர் இறங்குவதையும் அவர்கள் கணக்கிற் கொள்வதில்லை.

தாழ்நிலத்தை ஆற்றுக்கு மீள அளித்தல் புதுமையான கருத்தன்று. கடலோடும் ஆற்றோடும் போரிட்டு அணைகட்டுவதில் உலகுக்கே ஆசானாயிருந்த ஒல்லாந்து, 1993, 1995 வெள்ளங்களின் பின் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 1995இல் அங்கு ஏறத்தாழ 250,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் 'ஆற்றுக்கு இடம்' என்னும் திட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அணைகள் பின்னகர்த்தப்பட்டன, வெள்ளச் சமவெளிகள் தாழ்த்தப்பட்டன. ஓவர்டீப் என்னுமிடத்தில் கமக்காரர் தாமே ஒரு யோசனையை முன்வைத்தனர்: நிலம் வெள்ளத்துக்கு, வீடுகள் உயர்த்திய மண்மேடுகளுக்கு. சிலர் அங்கேயே தங்கினர். ஏனையோர் இழப்பீடு பெற்று அகன்றனர். ஒல்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை. ஆயின் இங்கு கவனிக்கத்தக்கது பணமன்று. நிலத்தில் உழுதவர் திட்டத்தின் ஆக்குநராயினர் என்பதே.

நமது நிலைமை வேறு. வன்னியின் தாழ்நிலங்களில் யார் வாழ்கின்றனர்? 1958, 1977 இனக்கலவரங்களின் பின் வந்த மலையகத் தமிழருள் பலர் குடியேற்றத் திட்டங்களின் விளிம்பில், உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றிக் குடியமர்ந்தனர். பாசன வயல் அவர்களுக்குக் கிட்டவில்லை, கூலிவேலையே கிட்டியது. ஆற்றொதுக்கு நிலத்தை மீட்பதென்றால் முதலில் அகற்றப்படுவோர் பத்திரமில்லாதவரே. போருக்குப் பின் வன இலாகாவும் வனசீவராசிகள் திணைக்களமும் நட்ட எல்லைக் கற்களைக் கண்ட மக்கள், 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவது இயல்பு. ஆகையால் வீட்டுக்கு மேட்டுநிலக் காணியும், தாழ்நிலத்தில் பயிரும் மேய்ச்சலும் செய்யும் உரிமையும், வெள்ள ஆண்டில் இழப்பீடும் முதலில் காணிக் கச்சேரியின் ஏட்டில் எழுதப்படல் வேண்டும் என்பது எமது கருத்து. மருதங்கன்று நாட்டுதல் அதற்குப் பிந்தியது.

எந்த நிலம் வெள்ளத்துக்கு உரியது என்பதை வரைபடம் மட்டும் கூறாது. 1957 மார்கழி வெள்ளமும் 1964 வெள்ளமும் எந்த வேலிவரை ஏறின, எந்தத் திடலில் மாடுகள் கட்டப்பட்டன என்பதை அறிந்த வட்டவிதானைமாரும் முதிய கமக்காரரும் இன்னும் சிலர் உளர். அவர்களுள் பலர் இருமுறை மும்முறை இடம்பெயர்ந்தவர்கள், ஏடுகளை இழந்தவர்கள். மாணவர் ஒரு விடுமுறையை கண்டாவளையிலும் முரசுமோட்டையிலும் கழித்து, அந்நினைவுகளை ஊர்வாரியாகப் பதிவுசெய்து வருவாராயின் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம்.